சினை ஆட்டுக்குக் கடைசி ஐம்பது நாள்

(பாம்பனில் ஆடு வளர்ப்போர் கூட்டம் ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நான் கல்லூரியில் உழவியல் பாடம் நடத்துபவன். மண்ணும் பயிரும் என் பாடம். "ஆடு குட்டி போடுவதைப் பற்றிப் பேசக் கால்நடை மருத்துவர் அல்லவா வரவேண்டும், இவர் எதற்கு?" என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். மருத்துவரை எப்போது அழைக்க வேண்டும் என்பதை இடையிடையே சொல்லிக்கொண்டே வருகிறேன். ஆனால் ஈற்றுக் காலத்தில் நமக்கு ஏற்படும் இழப்புகளில் பல, தீவனம் போதாமையாலும், பருவம் தவறிக் குட்டி பிறப்பதாலும், பிறக்கும் நேரத்தில் ஆள் பக்கத்தில் இல்லாமையாலும் ஏற்படுபவை. தீவனமும் பருவமும் உழவியல்காரனுக்குச் சொந்தமான விஷயங்கள். அந்தத் துணிவில்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். முதல் நாள் இரவெல்லாம் மழை. காலையில் இந்தப் பக்கம் வந்தபோது, தெரிந்த வீடு ஒன்றில் நுழைந்தேன். வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். அந்த அம்மா நான்கு வெள்ளாடு வைத்திருந்தார். அதில் ஒன்று இரவில் இரட்டைக் குட்டி போட்டிருந்தது. கொட்டில் ஒழுகியதால் தரையெல்லாம் ஈரம். ஒரு குட்டி விடியுமுன்பே விறைத்துச் செத்திருந்தது. இன்னொன்று நடுங்கிக்கொண்டிருந்தது. "நஞ்சு விழாமல் பால் கொடுக்கக் கூடாது" என்று யாரோ சொல்லிவிட்டதால், அதற்கும் பால் காட்டவில்லை. நான் இருக்கும்போதே, உச்சிப்பொழுதில் அதுவும் போய்விட்டது. தாய் ஆட்டின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் எலும்பு.

"இந்த ரெண்டையும் வளத்து வித்துத்தான் சார் மகளுக்குக் காலேஜ் பணம் கட்டணும்னு இருந்தேன்" என்றார் அந்த அம்மா. சிறிது நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார்: "எப்பப் போடும்னு தெரிஞ்சிருந்தா நான் ராத்திரி தூங்கியிருக்க மாட்டேன்."

அந்தச் சொல்தான் இன்றைய என் பேச்சுக்கு அடிப்படை. குட்டி பிறக்கும் நாள் தெரிந்தால் மற்ற வேலைகளையெல்லாம் ஒவ்வொன்றாக அதற்கு முன்னே வரிசைப்படுத்திவிடலாம். நாள் தெரியாவிட்டால் எந்த வேலையும் நேரத்தில் நடக்காது.

விதைத்த நாள் தெரிந்தால் அறுப்பு நாள் தெரியும்

நெல் விதைக்கும்போது இத்தனை நாள் பயிர் என்று கணக்கு வைத்துக்கொள்கிறோம். வெள்ளாட்டின் சினைக்காலமும் அதுபோல் கணக்குக்கு உட்பட்டதே. சராசரி 150 நாட்கள். ஐந்து நாள் முன்னே பின்னே இருக்கலாம். கிடாவோடு சேர்ந்த தேதிக்கு ஐந்து மாதம் கூட்டி, மூன்று நாள் கழித்தால் ஏறத்தாழ ஈனும் நாள் வந்துவிடும். செப்டம்பர் 1-ஆம் தேதி சேர்ந்த ஆடு ஜனவரி 29-ஆம் தேதியை ஒட்டிக் குட்டி போடும்.

ஆனால் கிடா ஆண்டு முழுவதும் மந்தையோடு திரிந்தால் தேதி எப்படித் தெரியும்? எனவே, வேண்டாத மாதங்களில் கிடாவைத் தனியே கட்டி வைக்கலாம். அல்லது அதன் அடிவயிற்றில் சாக்குத் துண்டு கட்டி மேயவிடலாம். பழைய கீதாரிகளுக்குத் தெரிந்த முறைதான் இது. பெட்டை ஆடு பருவத்துக்கு வந்தால் கத்தும், வாலை இடைவிடாமல் ஆட்டும், மேய்ச்சலில் கவனம் இருக்காது. இந்த நிலை ஒன்று, ஒன்றரை நாள் நீடிக்கும். அப்போது கிடாவுடன் சேர்த்து, வீட்டில் மாட்டியிருக்கும் காலண்டரில் அன்றைய தேதியில் ஆட்டின் அடையாளத்தை எழுதுங்கள். 18 முதல் 21 நாட்களுக்குள் அது மறுபடி பருவத்துக்கு வரவில்லையென்றால் சினை பிடித்திருக்கும் என்று கொள்ளலாம்.

சந்தையில் வாங்கிய சினை ஆட்டுக்குத் தேதி தெரியாது. அதற்கும் வழியுண்டு. பல ஈற்று கண்ட ஆட்டுக்கு ஈனுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பிருந்து மடி இறங்கும். தலை ஈற்று ஆட்டுக்கு இன்னும் முன்னதாகவே மடி தெரியத் தொடங்கும். கடைசி மாதத்தில் வலது பக்க வயிற்றில் உள்ளங்கையை வைத்தால் குட்டி அசைவதை உணரலாம்.

இந்தக் கரைக்கு ஏற்ற மாதம் எது?

நம் பகுதியின் மழையில் பாதிக்கும் மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவக் காற்றில் பெய்கிறது. அந்த மழைக்குப் பிறகே தரையில் புல் பூண்டு தலை காட்டுகிறது. மாசி வரை பச்சை இருக்கும். பங்குனிக்குப் பிறகு தரை காய்ந்துவிடும். சித்திரை முதல் ஆவணி வரை ஆடு மரத்தையும் முள்ளையும் நம்பித்தான் பிழைக்கிறது.

கொட்டும் மழையில் குட்டி பிறப்பது நல்லதல்ல. கார்த்திகை, மார்கழியில் புயல் பயமும் உண்டு. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22, 23 தேதிகளில் தனுஷ்கோடியை அழித்த புயலை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் பாம்பனை ஒட்டி வந்துதான் வலுவிழந்தது. அதேபோல் சித்திரை, வைகாசியில் பிறந்தால் தாய்க்குப் பச்சை கிடைக்காது, பால் சுரக்காது.

ஆகவே மழைப் பயிரை நம்பியிருக்கும் நமக்குத் தையும் மாசியின் முற்பகுதியுமே ஈற்றுக்கு ஏற்ற காலம். அதற்கு ஆவணியிலும் புரட்டாசியின் முற்பகுதியிலும் கிடா சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால், சினையின் கடைசி ஐம்பது நாட்கள் பச்சை நிறைந்திருக்கும் காலத்தில் வந்து விழும். தாயின் வயிற்றில் குட்டி வேகமாக வளரும் நாளும், தரையில் புல் வேகமாக வளரும் நாளும் ஒன்றாகும். இதுவே உழவியல்காரன் சொல்லக்கூடிய முதல் யோசனை.

இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று எடுக்கலாம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எடுக்கலாம். ஆனால் கிணற்றுப் பாசனத்தில் தீவனம் வளர்ப்பவர்களுக்கே அது கட்டுபடியாகும். தீவனம் இல்லாமல் ஈற்றை மட்டும் கூட்டினால் தாயும் தேயும், குட்டியும் தேறாது.

முதல் நூறு நாட்கள்

இந்தக் காலத்தில் சினை ஆட்டுக்குத் தனிச் சமையல் தேவையில்லை. வழக்கமான மேய்ச்சலும் மாலையில் கொஞ்சம் தழையும் போதும். அளவுக்கு மீறிக் கொழுக்க வைப்பதும் தவறு. கொழுத்த ஆட்டுக்கு ஈனுவது கடினம். கடைசி மாதத்தில் சினைக்கால நச்சு என்னும் நோயும் வரக்கூடும்.

ஆடு எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படி அறிவது? கண்ணால் பார்த்து ஏமாற வேண்டாம். வயிறு பெருத்திருப்பதை உடல் தேறியிருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். இடுப்புக்கு முன்னால், முதுகெலும்பின் மேல் உள்ளங்கையை வையுங்கள். எலும்பு முனைகள் கூர்மையாகக் குத்தினால் ஆடு இளைத்திருக்கிறது. அழுத்தினால் மட்டும் எலும்பு தட்டுப்பட்டால் சரியான நிலை. அழுத்தியும் தெரியாவிட்டால் கொழுத்திருக்கிறது. மாதம் ஒரு முறை இப்படிப் பாருங்கள்.

தலை ஈற்று ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வயது பத்து, பன்னிரண்டு மாதம் ஆகியிருந்தாலும், வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு வராத மறியைக் கிடாவுடன் சேர்க்கக் கூடாது.

கடைசி ஐம்பது நாள் தீவனம்

குட்டியின் பிறப்பெடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி ஆறு, ஏழு வாரங்களில்தான் சேர்கிறது. நூறு நாள் வரை வயிற்றில் சிறியதாக இருந்தது இந்த ஐம்பது நாளில்தான் குட்டியாக உருவெடுக்கிறது. இதே சமயத்தில் மடியும் பாலுக்குத் தயாராகிறது. ஆனால் வயிற்றில் இரண்டு குட்டி வளர்ந்து இடத்தை அடைப்பதால் ஆட்டின் இரைப்பைக்கு இடம் குறைகிறது. தேவை கூடுகிறது, கொள்ளும் இடம் குறைகிறது. எனவே, கொஞ்ச அளவில் அதிகச் சத்துத் தரும் அடர்தீவனத்தைச் சேர்த்தே ஆக வேண்டும்.

நம் மாவட்டத்துக்கும் தூத்துக்குடிக்கும் உரிய கொடி ஆட்டை எடுத்துக்கொள்வோம். வெள்ளை உடம்பில் கருந்திட்டு இருந்தால் கரும்போரை, செந்திட்டு இருந்தால் செம்போரை என்கிறோமே, அதுதான். ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ள பெட்டைக்கு, மேய்ச்சலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய அடர்தீவனம் வருமாறு:

100 முதல் 115-ஆம் நாள் வரை, நாளொன்றுக்கு 150 கிராம்.
115 முதல் 130-ஆம் நாள் வரை, நாளொன்றுக்கு 200 கிராம்.
130-ஆம் நாள் முதல் ஈனும் வரை, நாளொன்றுக்கு 300 கிராம்.

இதைக் காலையும் மாலையும் இரண்டாகப் பிரித்துக் கொடுக்கவும். ஓர் ஆட்டுக்கு மொத்தம் 11 கிலோ 250 கிராம் ஆகிறது. நான்கு ஆடு வைத்திருப்பவருக்கு 45 கிலோ. ஒரு மூட்டைக்கும் குறைவு. இந்த ஒரு மூட்டைச் செலவைத்தான் நாம் மிச்சம் பிடித்து, குட்டிகளைப் பறிகொடுக்கிறோம்.

வீட்டிலேயே 100 கிலோ கலவை தயாரிக்க:

உடைத்த கம்பு, சோளம் அல்லது மக்காச்சோளம் – 40 கிலோ
கடலைப் புண்ணாக்கு – 25 கிலோ
தவிடு – 32 கிலோ
தாது உப்புக் கலவை – 2 கிலோ
சமையல் உப்பு – 1 கிலோ

புண்ணாக்கு வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். கடற்காற்றின் ஈரத்தில் புண்ணாக்கு விரைவில் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்ததைச் சினை ஆட்டுக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது. கருச்சிதைவு நேரலாம்.

இன்னொரு எச்சரிக்கை. விசேஷ வீட்டில் மீந்த சோற்றையும், ஊறிய அரிசியையும் "சினை ஆடுதானே, நன்றாகத் தின்னட்டும்" என்று அள்ளி வைப்பவர்கள் உண்டு. ஒரே வேளையில் நிறையச் சோறோ தானியமோ தின்ற ஆட்டின் இரைப்பை புளித்து, ஆடு வீங்கிச் சாகும். எந்தப் புதுத் தீவனத்தையும் கைப்பிடி அளவில் தொடங்கி, ஒரு வாரத்தில் மெல்லக் கூட்ட வேண்டும்.

கையில் காசில்லாதவருக்கு

"கம்பும் புண்ணாக்கும் விற்கிற விலையில் எங்களால் முடியுமா?" என்று கேட்பீர்கள். நம்மைச் சுற்றி இருப்பதைப் பார்ப்போம்.

சீமைக்கருவேல் இந்த மாவட்டத்தில் இல்லாத இடமில்லை. மண்ணைக் கெடுக்கும் மரம் என்று அதை நான் பாடத்தில் திட்டுகிறேன். ஆனால் இருக்கும்வரை அதன் காயைப் பயன்படுத்தலாம். கோடையில் உதிரும் மஞ்சள் நிறப் பழுத்த காய்களைப் பொறுக்கி, மொறமொறவென்று காயவைத்து, உச்சி வெயிலில் சூடாக இருக்கும்போதே இடித்துச் சாக்கில் கட்டி வையுங்கள். ஈரம் ஏறினால் சர்க்கரைச் சத்தால் பிசுபிசுத்துப் போகும். மேற்சொன்ன கலவையில் தானியம் 40 பங்கில் 20 பங்கு வரை இந்தத் தூளைச் சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். இடிக்காமல் முழுக் காயாகக் கொடுத்தால் விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளியேறும். அந்த எரு விழும் புஞ்சையெல்லாம் சீமைக்கருவேல் முளைக்கும். ஆட்டை வளர்த்த கையாலேயே காட்டையும் வளர்க்க வேண்டாம்.

குடை விரித்தாற்போல் நிற்கும் உடை மரம் இந்தக் கரைக்கே உரிய மரம். உடைக்காயை ஆடு விரும்பித் தின்னும். அதையும் காயவைத்துச் சேமிக்கலாம். ஆவணியில் கிடா சேர்ப்பதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பு பெட்டைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் தீனி கொடுத்தால் இரட்டைக் குட்டி வாய்ப்பு கூடும். அந்தச் சமயத்தில் தரையில் ஒன்றும் இருக்காது. சேமித்த காய் அப்போது கைகொடுக்கும்.

தென்னந்தோப்பு ஓரத்தில் அகத்தி நடுங்கள். உப்புக் கொஞ்சம் ஏறிய மண்ணில் பூவரசும் கொடுக்காப்புளியும் தாங்கி வளரும். உப்பில்லாத மணற்பாங்கான புஞ்சையாக இருந்தால், முதல் மழையில் கொழுக்கட்டைப் புல் விதை ஏக்கருக்கு 3 கிலோ வீதம் தூவுங்கள். ஒரு முறை பிடித்துக்கொண்டால் சில ஆண்டுகள் தழைத்துத் தரும். நிலக்கடலை போடுபவர்கள் கொடியைக் காயவைத்துப் பரணில் ஏற்றிவிடுங்கள். மார்கழி அடைமழையில் ஆட்டை வெளியே விட முடியாத நாட்களில் அந்தக் கடலைக்கொடி, வைக்கோலைவிடப் பல மடங்கு நல்ல தீவனம்.

சவுண்டல் தழை வைத்திருப்பவர்கள், தினசரித் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைக் கொடுக்காதீர்கள். இளஞ்சோளத் தட்டையை முற்றாமல் வெட்டிப் போடாதீர்கள்; நச்சு உண்டு.

தண்ணீரும் மேய்ச்சலும்

தீவில் தண்ணீர்க் கஷ்டம் உங்களுக்குத் தெரியும். வெள்ளாடு மாட்டைவிட உப்பு நீரைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் சினை ஆடு உப்புக் கரிக்கும் நீரை வேண்டிய அளவு குடிக்காது. தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும், பாலும் குறையும். மணலில் தோண்டிய ஊற்றின் நல்ல நீரில் ஒரு வாளியாவது சினை ஆட்டுக்கு ஒதுக்கி வையுங்கள்.

கடைசி மாதத்திலும் ஆடு நடக்க வேண்டும். கட்டியே போட்டால் ஈனுவது கடினமாகும். ஆனால் நெடுந்தூரம் ஓட்டக் கூடாது; நாய் துரத்தவும், குறுகிய வாசலில் முண்டியடித்து நுழையவும், முட்டும் ஆடுகளோடு அடைபடவும் விடக் கூடாது. மீன் இறங்குதளத்துப் பக்கம் மேயவிடாதீர்கள். வலைத் துண்டும் நைலான் நூலும் பிளாஸ்டிக் பையும் வயிற்றில் போய்ச் சுருண்டால் எந்த மருந்தாலும் கரையாது.

தடுப்பூசியும் குடற்புழு மருந்தும்

இது மருத்துவரின் வேலை. தேதியை நினைவூட்டுவது மட்டும் நம் வேலை.

ஈனுவதற்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன் துள்ளுமாரி நோய்க்கும் இரண ஜன்னிக்கும் தடுப்பூசி போட்டால், தாயின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போகும். ஜனவரி 29-இல் ஈனும் ஆட்டுக்கு ஜனவரி முதல் வாரம் இதற்குச் சரியான நேரம். தேதி எழுதி வைக்காதவர் இந்த வாரத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்?

மழைக்குப் பின் குடற்புழு பெருகும். ஆட்டின் கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். உட்புறம் சிவந்திருந்தால் நல்லது; வெளிறியிருந்தால் இரத்தம் குடிக்கும் புழு இருக்கலாம். மருந்து வாங்கும்போது "ஆடு சினை, இத்தனையாவது மாதம்" என்று சொல்லியே கேளுங்கள். அல்பெண்டசோல் போன்ற மருந்தைச் சினையின் முதல் ஒன்றரை மாதத்தில் கொடுத்தால் கருவுக்குக் கேடு.

கடைசி மாதத்தில் ஆடு தீனி எடுக்காமல், மந்தையிலிருந்து ஒதுங்கி, தலை தொங்கி, தள்ளாடி நின்றால் அது சினைக்கால நச்சாக இருக்கலாம். இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்கு அதிகம் வரும். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாளை பார்ப்போம் என்றால் நாளை ஆடு இருக்காது.

கருச்சிதைவு ஆனால், விழுந்த கருவையும் நஞ்சையும் வெறுங்கையால் தொடாதீர்கள். சில நோய்கள் மனிதருக்கும் தொற்றும். கர்ப்பிணிப் பெண்கள் அருகிலேயே போகக் கூடாது. சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைத்துவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

ஈனும் இடம்

ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பே ஆட்டைத் தனி இடத்தில் பழக்குங்கள். ஐந்தடிக்கு ஐந்தடி மறைப்பு ஓர் ஆட்டுக்குப் போதும். பனையோலை, தென்னங்கிடுகு எதுவானாலும் சரி. வாடைக் காற்றும் கொண்டல் காற்றும் நுழையும் பக்கத்தைத் தரை வரை அடைத்துவிடுங்கள். மேலே ஒழுகக் கூடாது. தரையைச் சுற்றிலும் உள்ளதைவிட அரையடி உயர்த்திக் காய்ந்த மணலை நிரப்பி, மேலே வைக்கோல் பரப்புங்கள். நம் ஊர் மணல் ஒரு வரப்பிரசாதம். நனைந்ததை அள்ளி எறிந்து புதிதாகப் போட்டால் வேலை முடிந்தது. குட்டிக்குக் குளிரைவிட ஈரமே பெரிய எமன்.

ஒரு பையில் இவற்றைத் தயாராக வையுங்கள்: சுத்தமான பழந்துணி, உலர்ந்த சாக்கு, டிங்சர் அயோடின், கொதிக்கவைத்த நூல், புது பிளேடு, சோப்பு, டார்ச் விளக்கு.

ஈனும் நாள்

நாள் நெருங்கும்போது வாலடியின் இருபக்கத் தசைநார் தளர்ந்து பள்ளம் விழும். மடி இறுகி மினுக்கும். ஆடு ஒதுங்கும், காலால் தரையைப் பறிக்கும், படுத்துப் படுத்து எழும். பிறகு முக்கத் தொடங்கும். பனிக்குடம் தெரியும். அதன்பின் இரண்டு முன்னங்கால் குளம்பும், அவற்றின் மேல் படிந்த மூக்கும் வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். நீங்கள் தள்ளியிருந்து பார்த்தால் போதும்.

பலமாக முக்கத் தொடங்கி அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் குட்டி வராவிட்டாலும், ஒரு கால் மட்டுமோ, வால் மட்டுமோ, கால் இல்லாமல் தலை மட்டுமோ தெரிந்தாலும், கண்டபடி இழுக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். பாலத்தைத் தாண்டி ஆள் வந்து சேர நேரம் ஆகும் என்பதை மனதில் வைத்து, சந்தேகம் வந்தவுடனே அழைப்பது நல்லது.

நஞ்சு பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானே விழும். தொங்குகிறதே என்று கல்லைக் கட்டுவதும் கையால் இழுப்பதும் கருப்பையைக் கிழிக்கும். 12 மணி நேரம் கடந்தும் விழாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையைத் துடையுங்கள். தாய் நக்கட்டும். நக்காவிட்டால் உலர்ந்த சாக்கால் தேய்த்துவிடுங்கள். தொப்புள் கொடியை இரண்டு விரற்கடை விட்டு நூலால் கட்டி, அதற்குக் கீழே நறுக்கி, டிங்சர் அயோடினில் நனையுங்கள். சாணமும் சாம்பலும் வைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இரண ஜன்னி அந்த வழியாகத்தான் நுழைகிறது.

அடுத்ததுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். நஞ்சு விழும்வரை காத்திருக்கக் கூடாது. குட்டி பிறக்கும்போது அதன் உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய இல்லை. அது சீம்பாலில் மட்டுமே கிடைக்கிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் திறன் குட்டியின் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய மூடிவிடுகிறது. மறுநாள் எவ்வளவு கொடுத்தாலும் அந்தப் பலன் வராது. குட்டி பால் குடிக்கக் குடிக்க நஞ்சு விழுவதும் எளிதாகும். ஆகவே பழைய வழக்கம் தாய்க்கும் நன்மை செய்யவில்லை, குட்டிக்கும் நன்மை செய்யவில்லை.

இரண்டு காம்பிலும் முதல் பீச்சைப் பீச்சி அடைப்பை நீக்கிவிட்டுக் குட்டியைச் சேருங்கள். இரட்டையாக இருந்தால் வலுத்தது இரண்டு காம்பையும் பிடித்துக்கொள்ளும்; சோனியைப் பிடித்துக் கொடுங்கள். 2 கிலோ குட்டிக்கு முதல் வேளை 100 மில்லியும், ஒரு நாளில் நான்கைந்து வேளையாக மொத்தம் 300 மில்லி வரையும் போக வேண்டும். குட்டியின் வாய்க்குள் விரலை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் முதலில் துணியில் சுற்றி, அடுப்பருகே சூடேற்றுங்கள். வாய் கதகதப்பான பிறகே பால். உறிஞ்ச வலுவில்லாத குட்டிக்கு வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

தாய்க்கு வெதுவெதுப்பான நீரில் கருப்பட்டி கரைத்துக் கொடுங்கள். அன்று இளந்தழையும் கொஞ்சம் தவிடும் போதும். அடுத்த நாளிலிருந்து அடர்தீவனத்தை மெல்லக் கூட்டுங்கள்.

முடிவாக

2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் அரசு தொடங்கிய திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு நான்கு ஆடுகள் விலையில்லாமல் வழங்கப்பட்டன. அப்போது கிடைத்த ஆட்டின் வழிவந்த ஆடுகளை இன்றும் வைத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். கொடுத்த ஆடு நான்கு என்பது எல்லாருக்கும் ஒன்றுதான். சிலரிடம் அது இருபதானது, சிலரிடம் ஒன்றுமில்லாமல் போனது. இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு ஈற்று நாட்களில் தாயும் குட்டியும் பிழைத்ததையும் பிழைக்காததையும் பொறுத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக் காலத்தில் படகுகள் கரையில் நிற்கும்போது, வீட்டுக்கு வங்கியாக இருப்பது கொட்டிலில் நிற்கும் இந்த ஆடுதான்.

நான் முதலில் சொன்ன அம்மா வீட்டுக்குப் போன தை மாதம் போயிருந்தேன். சுவரில் காலண்டர் தொங்கியது. ஆவணி மாதத் தாளைக் கிழித்துப் போடாமல் பின்னால் மடித்து வைத்திருந்தார். அதில் மூன்று இடத்தில் பென்சில் குறி. "கரும்போரை", "கொம்பு ஒடிஞ்சது", "சின்னது" என்று மகள் கையெழுத்தில் எழுதியிருந்தது. அதற்கு ஐந்து மாதம் தள்ளி, தை மாதத் தாளிலும் மூன்று குறி. கொட்டிலில் ஐந்து குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன.

"இந்தக் கரும்போரை சொன்ன நாளுக்கு ஒரு நாள் முந்திக்கிட்டு சார்" என்றார். "நல்ல வேளை, நான் ரெண்டு நாளாவே தூங்கல."

நீங்களும் இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு பென்சிலைக் காலண்டர் ஆணியில் கட்டித் தொங்கவிடுங்கள். மற்ற வேலையெல்லாம் அதிலிருந்து தொடங்கும்.